பாய்வது எளிது, வந்து இறங்குவதே கதை

2024 டிசம்பர் 30-ஆம் தேதி இரவு 9.58 மணிக்குக் கிளம்ப வேண்டிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட், 10 மணி தாண்டி 15-ஆவது வினாடியில்தான் ஸ்ரீஹரிகோட்டாவை விட்டு எழுந்தது. இயந்திரக் கோளாறு இல்லை. வானிலையும் காரணம் இல்லை. மேலே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்களை நெருங்கிவிடக் கூடாது என்று இரண்டு நிமிடம் நின்று வழிவிட்டது. 2023 ஜூலை 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-56 இது போன்ற மோதலைத் தவிர்க்க ஒரு நிமிடம் தாமதித்தது. அதற்குப் பதினாறு நாள் முன்னால் கிளம்பிய சந்திரயான்-3 நான்கு வினாடி தாமதித்தது.

ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டிலிருந்து அந்த ஏவுதளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மேகம் இல்லாத இரவில் மொட்டை மாடியில் நின்றால் வடக்கு அடிவானத்தில் நெருப்புப் புள்ளி ஏறுவது தெரியும். அந்த ஒளி இங்கே வந்து சேர ஒரு வினாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஓசை இவ்வளவு தூரம் வருவதென்றால் மூன்றரை நிமிடம் ஆகும். தெற்கே திரும்பினால் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களின் விளக்குகள். ஏரிக்கரையில் மாலை நடை போகிறவர்களுக்கு இரண்டும் பழகிப்போன காட்சிகள். வானத்திலும் சாலைகள் உண்டு, அங்கேயும் ஒருவர் நிற்க இன்னொருவர் போக வேண்டும் என்பதை இந்த ஊருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஊரின் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கேள்வியை அறிவியல் புனைகதை விளையாட்டுகள் அரை நூற்றாண்டாகக் கேட்டுவருகின்றன. ஒளியை விட வேகமாக ஒரு கப்பல் வந்துவிட்டால், அது வருகிறது என்று துறைமுகத்துக்கு யார் சொல்வது?

இங்கே பேசப்படுவது செல்போன் விளையாட்டு அல்ல. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ‘ரோல்பிளேயிங்’ விளையாட்டு. ஒருவர் கப்பல் தலைவர், ஒருவர் பொறியாளர், இன்னொருவர் கடன்பட்ட வணிகர். நடுவர் என்று ஒருவர் இருப்பார். தெருக்கூத்தின் கட்டியங்காரன் போல அவர் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்பவர். இடத்தை அறிவிப்பார், எதிராளியாகப் பேசுவார், கேள்வி கேட்டு ஆட்டத்தைத் தள்ளுவார். சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகையைப் பரப்பியது. மூன்று ஆண்டு கழித்து, 1977-இல், மார்க் மில்லர் வடிவமைத்த ‘டிராவலர்’ இதை விண்வெளிக்குக் கொண்டுபோனது. மூன்று சிறிய கறுப்புப் புத்தகங்கள், அவ்வளவுதான் மொத்த விளையாட்டும்.

டிராவலரில் கப்பல்கள் ‘ஜம்ப்’ செய்கின்றன. ஒரு பார்செக் தூரமானாலும் ஆறு பார்செக் ஆனாலும் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. ஜம்பில் இருக்கும் கப்பலோடு யாரும் பேச முடியாது. மிக முக்கியமான விதி இன்னொன்று உண்டு. அந்த உலகில் ஒளியை முந்தும் வானொலி கிடையாது. செய்தி போக வேண்டுமென்றால் அதையும் ஒரு கப்பல்தான் சுமந்துபோக வேண்டும்.

இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி, தூரம் 4.24 ஒளியாண்டு. அங்கிருந்து ஜம்ப் செய்த கப்பல் ஒரு வாரத்தில் இங்கே வந்துவிடும். அது அங்கிருந்து கிளம்பிய காட்சி நம் தொலைநோக்கிக்கு வந்து சேர நான்கேகால் ஆண்டு ஆகும். ஒலியை விட வேகமாகப் பறக்கும் போர்விமானம் தலைக்கு மேல் வந்துபோன பிறகே அதன் முழக்கம் கேட்கிறது அல்லவா, அதேதான் இங்கே ஒளிக்கு நடக்கிறது.

உண்மையான இயற்பியல் இதற்கு இடம் தரவில்லை. ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுச் சார்பியல் கொள்கைப்படி நிறையுள்ள எதையும் வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் என்ற ஒளிவேகத்துக்கு முடுக்க முடியாது. அதையும் மீறி ஒளியை முந்தினால் காரணமும் விளைவும் முன்பின்னாகிவிடும். 1994-இல் மெக்ஸிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேர், வெளியையே சுருக்கி விரிக்கும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான், அதற்குத் தேவைப்படும் எதிர்மறை ஆற்றலை அந்த அளவில் உண்டாக்க வழி தெரியவில்லை. ஆகவே இந்த விளையாட்டுகளின் எந்திரத்தை அறிவியல் என்று யாரும் கொண்டாட வேண்டாம். கொண்டாட வேண்டியது எந்திரத்துக்குப் பிறகு வரும் யோசனையை.

பூமியில் நாம் கட்டியிருக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாடு முழுவதும் ஒரே ஒரு வசதியின் மேல் நிற்கிறது: செய்தி வண்டியை முந்திக்கொண்டு போகும். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது ஆவடி வழியாகத்தான் போகிறது. ஒரு நிலையத்தின் அதிகாரி அடுத்த நிலையத்திடம் ‘லைன் கிளியர்’ வாங்கிய பிறகே வண்டியை அனுப்புவது பழைய ரயில்வே நடைமுறை. கம்பிவழிச் செய்தி ரயிலை விட வேகம் என்பதால் அது நடந்தது. விமானத்துக்கும் அப்படித்தான். வங்கக் கடலின் நடுவே ராடாருக்கு எட்டாத தொலைவில் பறக்கும் விமானத்தைக்கூடச் சென்னைக் கட்டுப்பாட்டாளர்களால் வழிநடத்த முடிந்தது. இன்ன நேரத்தில் இன்ன இடம் தாண்டினேன், அடுத்த இடத்துக்கு இன்ன நேரத்தில் வருவேன் என்று விமானி வானொலியில் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதை வைத்து விமானங்களுக்கு இடையே இடைவெளி விடுவார்கள். செய்தி முந்தாத உலகில் இதில் ஒன்றுகூட நடக்காது.

அப்படி ஓர் இரவைச் சென்னை பார்த்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22. ஜெர்மானியக் கப்பல் எம்டன், எந்தத் துறைமுகமும் முன்னறிவிப்புத் தராத நிலையில் மதராஸ் கடற்கரைக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. கரையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கப்பல் வந்ததே குண்டு விழுந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அரை மணி நேரத்துக்குள் எம்டன் போய்விட்டது, நகரத்தின் பயம் நெடுநாள் இருந்தது. டிராவலரின் உலகங்களில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒவ்வொரு நாளும் இதுதான் நிலைமை. அடுத்து வரப்போவது அரிசி ஏற்றிய கப்பலா எம்டனா என்று யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் டிராவலரின் மிகச் சிறந்த விதி வருகிறது. எந்தக் கோளுக்கும் அதன் விட்டத்தைப் போல நூறு மடங்கு தொலைவுக்கு உள்ளே கப்பல் பாதுகாப்பாக ஜம்ப் செய்யவோ ஜம்பிலிருந்து வெளிவரவோ முடியாது. பூமியின் விட்டம் 12,756 கிலோமீட்டர். நூறு மடங்கு என்றால் சுமார் 12 லட்சத்து 75 ஆயிரம் கிலோமீட்டர். நிலவின் தொலைவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அங்கே வெளிப்பட்ட கப்பல், புவியீர்ப்பு அளவு முடுக்கத்தில் பாதி தூரம் வேகமெடுத்து மீதித் தூரம் வேகம் தணித்து வந்தால், பூமியை எட்ட ஆறு மணி இருபது நிமிடம் பிடிக்கும். அதன் வானொலிக் குரலோ நாலேகால் வினாடியில் வந்துவிடும்.

ஆறு மணி நேரத்துக்கு எதிராக நாலு வினாடி. ஜம்ப் பறித்துக்கொண்ட வசதியை இந்த ஒரு விதி திருப்பிக் கொடுத்துவிடுகிறது; செய்தி மறுபடி வண்டியை முந்துகிறது. யார் நீ, எங்கிருந்து வருகிறாய், என்ன சரக்கு, எத்தனை பேர், நோய் உண்டா என்று கேட்கவும், பதில் பிடிக்காவிட்டால் காவல்கப்பலை அனுப்பவும் துறைமுகத்துக்கு நேரம் கிடைக்கிறது. விளையாட்டு வடிவமைப்பில் இவ்வளவு சிக்கனமான விதி அரிது. ஒரே எண், ஒரே பெருக்கல். அதிலிருந்து சுங்கம், கடற்கொள்ளை, தனிமைப்படுத்தல், துறைமுக அரசியல் எல்லாம் தானாக முளைக்கின்றன.

மோதல் பயம்? அதையும் கணக்கே தீர்த்துவைக்கிறது. பூமியைச் சுற்றி அந்தத் தொலைவில் ஒரு கோளம் வரைந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் கோடி சதுர கிலோமீட்டர். அதில் எங்கோ ஒரு புள்ளியில் ஒரு கப்பல், வேறெங்கோ இன்னொன்று. வெளிப்படும் இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். நெரிசல் கடைசியில் வருகிறது, எல்லாரும் ஒரே துறைமுகத்தை நோக்கித் திரும்பும்போது. மீனம்பாக்கத்தின் பிரச்சினையும் இதுவே. வானம் அகலமானது, ஓடுபாதை ஒடுக்கமானது.

பகடை இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. மங்கூஸ் நிறுவனம் வெளியிடும் பதிப்பில் ஜம்பின் நேரம் 148 மணி, அதோடு ஆறு பகடைகளின் கூட்டுத்தொகை. குறைந்தது 154, அதிகம் 184. ஒன்றாகக் கிளம்பிய பத்துக் கப்பல்கள் முப்பது மணி நேர இடைவெளியில் சிதறி வந்து சேரலாம். இந்த நிலையில் விமான நிலையம்போல மணிவாரியாக இடம் ஒதுக்கிக் கால அட்டவணை போட முடியாது. வந்த பிறகுதான் வரிசை. அந்த வரிசையில் நோயாளியோடு வந்த கப்பலுக்கு முன்னுரிமையா, தபால் கப்பலுக்கா, காசு அதிகம் கொடுப்பவனுக்கா? முந்தி வெளிப்பட்டவன் தொலைவில் இருக்க, பிந்தியவன் பக்கத்தில் இருந்தால் யார் முதல்? பத்து நிமிடத்தில் ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் வாதாடத் தொடங்கிவிடுவார்கள். அந்த வாதம்தான் ஆட்டம்.

ஆனால் பெரும்பாலான மேசைகளில் இது நடப்பதில்லை. நடுவர் ‘அனுமதி கிடைத்தது, இறங்குங்கள்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார். கதை மதுக்கடைச் சண்டைக்கோ புதையலுக்கோ ஓடுகிறது. திரைப்படங்கள் கொடுத்த பழக்கம் அது. வெள்ளைக் கோடுகளாக விண்மீன்கள் நீளும், அடுத்த காட்சியில் கப்பல் தரையில் நிற்கும். இதில் இழப்பு பெரிது. ஒரு நாடு எப்படிப்பட்டது என்பதை அதன் தலைநகர மாளிகையை விட அதன் வாசல் தெளிவாகச் சொல்லும். வருகிறவரை என்ன கேட்கிறார்கள், யாரைக் காக்க வைக்கிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதில் ஆட்சி முழுவதும் தெரிந்துவிடும். விமான நிலையக் குடியேற்ற வரிசையில் நின்றிருக்கும் எந்தத் தமிழருக்கும் இது தெரியும்.

மற்ற விளையாட்டுகள் வேறு வழிகளில் போயின. ‘பேட்டில்டெக்’ உலகில் கப்பல் ஒரே பாய்ச்சலில் 30 ஒளியாண்டு வரை போகும். வழக்கமாக வெளிப்படுவது விண்மீனின் வடதுருவத்துக்கு மேலே ஒரு புள்ளியில் அல்லது தென்துருவத்துக்குக் கீழே ஒரு புள்ளியில். வாசல் இரண்டே என்பதால் காவலும் சுங்கமும் எளிது, முற்றுகையும் எளிது. அதைத் தவிர்க்க ஆபத்தான குறுக்குப் புள்ளிகளைத் தேடும் கொள்ளையர்கள் தனி. ‘ஸ்டார் டிரெக்’ ஒளியை முந்தும் வானொலியையே கொடுத்துவிட்டது. அங்கே கப்பல் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிடும், சிக்கலும் அதோடு போய்விடும். சிக்கலோடு சுவாரசியமும் போகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. 1984-இல் வந்த கணினி விளையாட்டு ‘எலைட்’, சுழலும் நிலையத்தின் குறுகிய வாயிலுக்குள் கப்பலை நுழைப்பதையே முதல் சோதனையாக வைத்தது. அந்த வாயிலில் உயிரை விட்ட பிறகுதான் பலர் விளையாட்டையே கற்றார்கள்.

இதெல்லாம் கற்பனை உலகத்துக் கவலை என்று ஒதுக்குபவர்கள் 1996 நவம்பர் 12-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி போயிங் 747-உம், டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷினும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இறங்கும் விமானத்துக்கு 15,000 அடியில் நிற்கச் சொல்லப்பட்டிருந்தது. அது அதற்குக் கீழே வந்துவிட்டது. ஏறும் விமானம் 14,000 அடியில். உத்தரவு சரியாகத்தான் போனது, கேட்டவர்கள் அதைப் பிடித்து நிற்கவில்லை. அன்றைய டெல்லி ராடாரோ விமானம் எங்கே என்று காட்டியது, எவ்வளவு உயரத்தில் என்று காட்டவில்லை. வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே வழித்தடம். அந்த விபத்துக்குப் பிறகே வரும் பாதையும் போகும் பாதையும் பிரிக்கப்பட்டன. மோதலை எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமானது. கஜகஸ்தான் விமானக் குழுவினரின் ஆங்கிலத் தடுமாற்றமும் விசாரணையில் பேசப்பட்டது.

டிராவலர் ஆடும் மேசையில் இந்த விபத்தை அப்படியே வைக்கலாம். போகும் கப்பலும் நூறு விட்டத் தொலைவுக்குப் போயாக வேண்டும், வரும் கப்பலும் அங்கிருந்தே வர வேண்டும். ஒரே துறைமுகம், எதிரெதிர்ப் பயணம், நடுவில் ஆறு மணி நேரப் பாதை. வடபாதியில் வருகை, தென்பாதியில் புறப்பாடு என்று பிரிப்பதா? பிரித்தால் சுற்றிப் போகிறவனின் எரிபொருள் செலவு யாருடையது? கட்டுப்பாட்டாளர் பேசும் மொழி புரியாத மாலுமிக்கு யார் பொறுப்பு? 349 உயிர் போன பிறகு அதிகாரிகள் கேட்ட கேள்விகளை, ஒரு மாணவர் பகடையை உருட்டியபடி முன்கூட்டியே கேட்டுப் பழகலாம்.

உண்மையான விண்வெளியும் ‘வருகை’ என்பதை இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா கிளம்பிய விண்கலம் சுற்றுப்பாதையை அடையப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு சேர்ந்தது மறுநாள், ஏறத்தாழ 28 மணி நேரம் கழித்து. நிலையத்தைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்தில் ஒரு கோளம் வரையறுத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறை சம்மதம் சொல்லாமல் எந்தக் கலமும் அதற்குள் நுழையக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, கேட்டு, பிறகே நகர வேண்டும். டிராவலரின் நூறு விட்டத்துக்கு நிஜத்தில் உள்ள சின்னத் தம்பி இந்த 200 மீட்டர்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பி.எஸ்.எல்.வி. சி-60 சுமந்துபோனதும் இதே பாடத்தைத்தான். ஸ்பேடெக்ஸ் என்ற திட்டத்தில் தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு கலங்கள் விண்ணில் ஒன்றோடொன்று இணைய வேண்டும். 2025 ஜனவரி 7 என்றார்கள், தள்ளிப்போனது. 9 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. 12-ஆம் தேதி 15 மீட்டர் வரை, பிறகு 3 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துவிட்டு, பாதுகாப்பான தொலைவுக்குப் பின்வாங்கின. 16-ஆம் தேதிதான் இணைந்தன. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றும் இரண்டு கலங்கள், ஒன்றையொன்று தொடும்போது வினாடிக்குச் சில மில்லிமீட்டர் அளவில் நகர வேண்டியிருந்தது. மூன்று மீட்டரில் நின்று திரும்பிப் போக மனம் வந்ததே, அதுதான் அந்தத் திட்டத்தின் பெருமை. இதை ஒரு மாலை முழுவதும் ஆடக்கூடிய ஆட்டமாக யாரும் ஏன் இன்னும் தமிழில் எழுதவில்லை?

இதை விட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: விண்ணில் யார் யாருக்கு வழிவிடுவது? 2021 அக்டோபர் 20 அன்று நிலவின் வடதுருவத்துக்கு அருகே நம் சந்திரயான்-2 கலமும் அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. கலமும் மிக நெருங்கிவிடும் என்று கணக்குக் காட்டியது. மேல்கீழ் இடைவெளி 100 மீட்டருக்கும் குறைவு, மொத்த இடைவெளி சுமார் 3 கிலோமீட்டர். இஸ்ரோவும் நாசாவும் பேசி முடிவெடுத்து, இரண்டு நாள் முன்னதாக 18-ஆம் தேதி இரவு சந்திரயான்-2 தன் பாதையை மாற்றிக்கொண்டது. நிலவைச் சுற்றி இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய கலங்கள். அங்கேயே இந்த நிலைமை.

2019 செப்டம்பரில் பூமிக்கு அருகே நடந்தது இன்னும் கவலை தருவது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏயோலஸ் செயற்கைக்கோளும் ஒரு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளும் நெருங்கின. ஸ்டார்லிங்கை இயக்கும் தனியார் நிறுவனத்தின் பக்கம் பணியில் இருந்தவருக்கு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளில் பிழை இருந்ததால், பிந்தைய கடிதங்கள் அவர் கண்ணில் படவே இல்லை. ஐரோப்பியர்கள்தான் நகர்ந்தார்கள்.

கடலில் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பலுக்கு வழிவிட வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள் சொல்கின்றன. ஆகாயத்திலும் இதே போன்ற விதி இருக்கிறது. விண்வெளியில் 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது, சேதத்துக்குப் பொறுப்பு யார் என்று சொல்லும் 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கை இருக்கிறது. யார் யாருக்கு வழிவிடுவது என்று எல்லா நாடுகளையும் கட்டும் விதி மட்டும் இல்லை. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே இரிடியம்-33 என்ற இயங்கும் செயற்கைக்கோளும் காஸ்மாஸ்-2251 என்ற செத்துப்போன செயற்கைக்கோளும் மோதிச் சிதறின. அதன் பிறகும் இல்லை. பெங்களூருவில் இஸ்ரோ 2022 ஜூலையில் திறந்த கண்காணிப்பு மையம் நம் கலங்களைக் காக்கிறது, ஏவும் நேரத்தை வினாடிக் கணக்கில் திருத்துகிறது. அந்த மையத்தால் பிறருக்குக் கட்டளையிட முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

விதி இல்லாத இடத்தில் விதி எழுதிப் பழகுவதற்கு ரோல்பிளேயிங் மேசையைப் போல மலிவான பள்ளிக்கூடம் வேறில்லை. ஒரு பக்கத்தில் அமர்பவர் நிறுவனத்தின் பிரதிநிதி, எதிரே ஏழை நாட்டின் ஒற்றைச் செயற்கைக்கோள், நடுவில் எரிபொருள் தீரப்போகும் கலம். நகர்ந்தால் ஆயுள் குறையும், நகராவிட்டால் மோதல். தீர்வு புத்தகத்தில் இல்லை, பேசித்தான் வர வேண்டும்.

அந்த மேசையில் இன்னொருவருக்கும் நாற்காலி போட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வற்புறுத்தல். பருத்திப்பட்டு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குத் தெற்கே பழவேற்காடு இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் நாளில் அங்கே மீனவர்கள் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். ஏவுதல் தள்ளிப்போனால் தடையும் அடுத்த நாளுக்கு வரும். விண்ணில் இரண்டு நிமிடம் வழிவிடுவது செய்தியாகிறது. கரையில் ஒரு நாள் கூலியை விட்டு வழிவிடுவது செய்தியாவதில்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீணாகிறது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே போகலாம். நாட்டுக்கு நல்ல லாபம். அந்தக் கடலிலும் படகுகள் இருக்கின்றன. வழிவிடுகிறவருக்கு நஷ்டஈடு உண்டா என்ற கேள்வியை அங்கே முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே தீர்த்துவைப்பதுதான் நியாயம்.

ஆங்கிலத்தில் வரும் விண்வெளி விளையாட்டுகளில் துறைமுகம், சுங்கம், கடற்கொள்ளை எல்லாம் உண்டு. பாதைக்குக் கீழே வலை வீசுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர் அவரை விட்டுவிட முடியாது, ஏனென்றால் அவர் அடுத்த தாலுகாவில் இருக்கிறார். தமிழ் அறிவியல் புனைகதையைப் பெருவாரியான வாசகர்களிடம் கொண்டுசேர்த்த சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸுக்குப் போகும் முன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாக வேலை பார்த்தவர். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கதைக்கு வந்த முன்னோடி ஒருவர் நமக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறார். அந்த அறையைக் கதையின் மையத்தில் வைக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பீரங்கி வண்டி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் இங்கேதான். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒரு கல்லூரித் தமிழ் மன்றமும் அறிவியல் மன்றமும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்குள் முப்பது பக்கத்தில் ஒரு விதிநூல் எழுதிவிடலாம். பெரிய முதலீடு வேண்டாம். ஆறு பகடை, கொஞ்சம் காகிதம், நூறு விட்டக் கணக்கு தெரிந்த ஒருவர், வாதாடத் தயங்காத நால்வர் போதும். அரசு நூலகங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையை ஒதுக்கித் தரட்டும். எழுதப்படும் அந்த விதிநூலில் கப்பலின் வேகத்துக்கு ஒரு பக்கம் போதும். வருகைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் ஒரு பக்கம் பழவேற்காட்டுப் படகுக்கு இருக்கட்டும்.